"சர்வர் டவுன்" என்பது மழை வெயில் மாதிரி தானாக வருவதல்ல



நம் அபிராமத்தில் எந்தக் கவுண்டரில் போய் நின்றாலும் என்றாவது ஒருநாள் காதில் விழும் வார்த்தை: "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க." மழை வந்துவிட்டது போல எல்லோரும் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்த பாட்டிக்கு அன்றைய கூலி போச்சு.

இதற்குக் காரணங்கள் பல. அதில் ஒன்று முழுக்க மனிதர் கையில் இருப்பது: பதிப்புப் பொருத்தம் பார்க்காமல் மென்பொருளை நிறுவுவது. அந்த வேலையைப் பார்ப்பவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கும் உங்களைப் போன்ற பிள்ளைகள். அதனால் உங்களிடமே சொல்கிறேன்.

கிளவுட் என்பது ஒற்றை மென்பொருள் அல்ல. அடியில் உபுண்டு போன்ற இயங்குதளம். அதன்மேல் கணினித் திறனைப் பகிர்ந்து கொடுக்கும் ஓப்பன்ஸ்டாக். தகவலைச் சேமித்து வைக்கும் செஃப். மூன்றையும் வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு கால அட்டவணையில் வெளியிடுகின்றன. உபுண்டு 20.04 உடன் வந்தவை ஓப்பன்ஸ்டாக் உசூரியும் செஃப் ஆக்டோபஸும். 22.04 உடன் வந்தவை யோகாவும் குவின்சியும். இவை சேர்ந்து ஓடும்படி தயாரித்துக் கொடுத்த ஜோடிகள். அந்த ஜோடியைப் பிரித்து, ஒன்றை மட்டும் புதிதாக்குகிறவர் அதற்கான சோதனையைத் தானே செய்தாக வேண்டும்.

கண்மாய் மடையைப் பெரிதாக்கிவிட்டு வாய்க்காலைப் பழைய அகலத்திலேயே விட்டால் கரை உடையும். மடையிலும் குறை இல்லை, வாய்க்காலிலும் குறை இல்லை. பொருத்தம்தான் இல்லை.

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? நம் நாட்டு விமான நிலையங்களிலேயே போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு கோப்புதான் காரணம். அந்தப் புதிய கோப்பு 21 மதிப்புகளை எதிர்பார்த்தது. கணினிகளில் ஏற்கெனவே இருந்த நிரல் கொடுத்தது 20. இந்த ஒன்றின் வித்தியாசத்தில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது.

இத்தனைக்குப் பிறகும் பல இடங்களில் நிறுவும் கோப்பில் பதிப்பு எண்ணுக்குப் பதில் "லேட்டஸ்ட்" என்று எழுதுகிறார்களாம். இன்று ஒரு கணினியில் நிறுவுகிறீர்கள், அடுத்த மாதம் இன்னொன்றில். எழுதியிருப்பது ஒரே சொல். இறங்குவது இரண்டு வேறு பதிப்புகள். இது வேகம் அல்ல, பொறுப்பைத் தட்டிக் கழிப்பது.

"அப்போ அப்டேட்டே பண்ணக் கூடாதா சார்?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. பழைய பதிப்பைக் கட்டிக்கொண்டு அழுவதும் ஆபத்துதான். அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது ஒருநாள் நின்றுவிடும். மாற்றுங்கள், வரிசையாக மாற்றுங்கள். செஃப் ஆக்டோபஸிலிருந்து நேரே ரீஃபுக்குத் தாவ முடியாது. பசிபிக்கிலோ குவின்சியிலோ நின்றுதான் போக வேண்டும். அதற்குள்ளேயும் முதலில் கண்காணிக்கும் மானிட்டர்கள், பிறகுதான் தகவலைத் தாங்கும் பகுதிகள்.

நம் புதிய பாடத்திட்டம் எப்படி வந்தது? 2018-19இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கு மட்டும் முதலில் கொடுத்தார்கள். 1, 6, 9 படித்த பிள்ளை அடுத்த ஆண்டு 2, 7, 10 போனபோது அங்கேயும் புதிய புத்தகம் காத்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கே இந்த வரிசை தேவைப்பட்டது என்றால், லட்சக்கணக்கானோரின் ஆவணங்களைச் சுமக்கும் கணினிக்கு வேண்டாமா?

ஆகவே நாளைக் காலை வேலைக்குப் போனதும் மூன்று கேள்வி கேளுங்கள். நம்மிடம் ஓடும் ஒவ்வொரு மென்பொருளின் பதிப்பு எண்ணும் எங்கே எழுதியிருக்கிறது? எது எதோடு பொருந்தும் என்று யார் சரிபார்த்தார்? மாற்றத்தை முதலில் ஒரு சோதனைக் கணினியில் ஓட்டிப் பார்த்தோமா?

மேலதிகாரி "நேரமில்லை" என்றால், நேரத்தின் விலையைக் கவுண்டரில் வரிசையில் நிற்கும் பாட்டி கொடுக்கிறாள் என்று சொல்லுங்கள்.

இந்தத் துறையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமாக எழுதலாம்.