இளஞ்சிவப்புச் சொட்டு

"ஏம்மா, ரேடியோவுல ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்றியே, இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டுச் சொல்லு."

பாரிட் புந்தாரிலிருந்து மாமா. ஏழு மாடுகள் வைத்திருக்கிறார். இரத்தம் எடுத்துப் போனதில் லெட்சுமிக்கு மட்டும் 'பாசிட்டிவ்'. புருசெல்லோசிஸ். தமிழ்நாட்டில் கன்று வீச்சு நோய் என்பார்கள். மலேசியாவில் 1979 முதல், நோய் உறுதியானால் மாட்டை வெட்டிவிடுவதுதான் நடைமுறை. அத்தை அன்று சமைக்கவே இல்லை.

எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரைப் பிடித்தேன். முதலில் செய்வது ரோஸ் பெங்கால் சோதனை. மாட்டின் சீரம் ஒரு சொட்டு, கொன்ற கிருமிகள் கலந்த இளஞ்சிவப்புத் திரவம் ஒரு சொட்டு. கலந்து நான்கு நிமிடம் ஆட்டினால், நோய் எதிர்ப்பொருள் இருந்தால் திரிதிரியாகக் கட்டும். மலிவு, வேகம். ஆனால் சந்தேகப் பிராணி. எஸ்-19 தடுப்பூசி போட்ட மாட்டையும், யெர்சினியா என்ற வேறொரு கிருமி தொற்றிய மாட்டையும்கூடக் குற்றவாளி என்றுவிடும்.

அதனால்தான் இரண்டாவதாக 'காம்ப்ளிமென்ட் ஃபிக்சேஷன்'. இதில் ஆட்டின் சிவப்பணுக்கள்தான் சாட்சி. எதிர்ப்பொருள் இல்லாவிட்டால் அவை உடைந்து திரவம் சிவக்கும். இருந்தால் உடையாமல் அடியில் படியும். வேலை அதிகம், கைப்பழக்கம் வேண்டும், நம்பிக்கையும் கூடுதல். எலைசா சோதனையில் நிறத்தை இயந்திரமே அளக்கும். ஒரே நேரத்தில் நிறைய மாதிரிகளைப் பார்க்கலாம், பாலில்கூடச் செய்யலாம். ஆனால் மூன்றுமே கிருமியைப் பார்ப்பதில்லை, எதிர்ப்பொருளைத்தான் பார்க்கின்றன. புதிதாகத் தொற்றிய மாடு தப்பிவிடலாம். மற்ற ஆறு மாடுகளுக்கும் மறுபடி இரத்தம் எடுக்க வேண்டும் என்றபோது மாமா கோபப்பட்டார், காரணம் இதுதான்.

பிறகு மருத்துவர் கேட்டார்: "அந்த மாடு கன்று வீசியதா?"

வீசியது, போன வருடம். செத்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் மாமா வெறுங்கையால்தான் அள்ளிப் புதைத்தார். விட்டு விட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி, இரவில் வியர்வை. எல்லாவற்றையும் வயசு என்று சொல்லிக்கொண்டிருந்தார். மனிதருக்கு இந்நோய் வருவது அப்படித்தான். காய்ச்சாத பாலிலும் வரும். அத்தை பாலைப் பொங்கக் காய்ச்சுபவர். வாடிக்கையாளர்களுக்கும் இப்போது அதையே சொல்லச் சொன்னேன்.

இரண்டாவது சோதனையும் பாசிட்டிவ். லெட்சுமி போய்விட்டது. லாரி வந்தபோது மாமா வீட்டுக்குள் இருந்தார்.

மறுநாள் கிளினிக்கில் அவர் கையை நீட்டினார். முடிவு வியாழக்கிழமை வரும்.