ஓசிக் குடித்தனம்

ஈ.சி.ஆர். ரோட்டில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தைத் தாண்டும்போது ஜன்னல் வழியே பார்ப்பது உப்புக் குவியல்களைத்தான். அந்த உப்பளங்களுக்குப் பக்கத்துக் கழிமுகச் சேற்றில் கிடக்கும் சிப்பியும் மட்டியும் யார் கண்ணிலும் படுவதில்லை. பட்டாலும் என்ன தோன்றும்? கறிக்கு ஆகும், சுண்ணாம்புக்கு ஆகும். அவ்வளவுதான்!

ஆனால் கடலில் சில சிப்பிகள் வெறும் சிப்பிகள் அல்ல, வீடுகள். உள்ளே வாடகை தராமல் ஒருவர் குடியிருப்பார். அவர் பெயர் முத்துமீன்.

விரல் நீளம், விலாங்கு மாதிரி உடம்பு, செதில் கிடையாது. இந்தக் குடும்பத்தில் ஓனுக்சோடான் என்ற வகை, உயிரோடிருக்கும் முத்துச்சிப்பிக்குள்ளேயே வாழ்கிறது. இதன் மலத்துளை தொண்டைக்கு அருகில் இருக்கிறது. தலையை மட்டும் வெளியே நீட்டினால் போதும், வீடு அசுத்தமாகாது! செத்த மீன் ஒன்றின் மேல் சிப்பி முத்துப்பூச்சைப் பூசி ஓட்டோடு ஒட்டி வைத்திருந்ததைப் பார்த்துத்தான் இந்தப் பெயரே வந்தது. 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்த மீன் எழுப்பும் ஒலியைச் சிப்பியின் ஓடு பெருக்கிக் கொடுக்கிறது என்று காட்டியது. வீட்டோடு இலவசமாக ஒரு ஸ்பீக்கர்!

காமர்ஸ் பாடத்தில் இதற்குப் பெயர் 'ஃப்ரீ ரைடர்'. ஆனால் அந்தப் பட்டம் இங்கே பொருந்துமா? மீன் இருப்பதால் சிப்பிக்குப் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. இதே குடும்பத்தில் கடல் அட்டைக்குள் புகுந்து அதன் உள்ளுறுப்பையே தின்னும் பங்காளிகளும் இருக்கிறார்கள். அவர்களை வேண்டுமானால் திட்டலாம்.

உண்மையான சிக்கல் குடித்தனக்காரரிடம் இல்லை, வீட்டை எடுத்துப் போகிறவர்களிடம் இருக்கிறது. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் கடைசி முத்துக்குளிப்பு. கணக்குப் புத்தகத்தில் சிப்பிக்கு எண் இருந்தது, பங்கு இருந்தது. சிப்பிக்குள் வாழும் உயிர்களுக்கு எந்தப் பத்தியும் இல்லை. சரக்கு என்று எழுதிவிட்டால் எந்த வீடும் இப்படித்தான் ஆகும்.

வீட்டைக் காப்பாற்றினால் குடியிருப்பவரும் பிழைப்பார். 2001-ல் கடல் அட்டைகளை வனவிலங்குச் சட்டத்தில் சேர்த்தபோது, அதற்குள் வாழ்பவைக்கும் சேர்த்தே அடைக்கலம் கிடைத்தது. ஆனால் அந்தத் தடையின் செலவை ஏற்றது யார்? மன்னார் வளைகுடாவிலும் பாக் ஜலசந்தியிலும் கடல் அட்டை எடுத்துப் பிழைத்த மீனவக் குடும்பங்கள். எதிர்க்கரையில் இலங்கையில் லைசென்ஸ் வாங்கி எடுக்கலாம், இங்கே எடுத்தால் குற்றம். அவர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. பாதுகாப்பு என்பது ஊருக்கெல்லாம் லாபம் என்றால், நஷ்டத்தை மட்டும் ஒரு குப்பத்தின் தலையில் கட்டுவது எந்தக் கணக்கு? மாற்றுத் தொழிலும் நஷ்டஈடும் இல்லாத தடையும் ஒரு ஓசிக் குடித்தனம்தான்.

மரக்காணத்துக்குப் பக்கத்திலுள்ள கழுவேலி 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சந்தோஷம். பறவைகளை எண்ணுகிறோம். அந்தச் சேற்றுக்குள் இருக்கும் சிப்பியையும், அதை நம்பி இருப்பவர்களையும், மனிதர்கள் உட்பட, எப்போது எண்ணப் போகிறோம்?