ஒரு குளமா, பல குளமா?

எமது வியாபாரிகள் மத்தியில் இப்போது ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. "கடையில் குந்திக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது நானா, ஓடித்தான் உழைக்க வேண்டும்" என்கிறார்கள் இளையவர்கள். வட்டகொடையிலும் தலவாக்கலையிலும் கடையைத் தம்பியிடமோ மனைவியிடமோ விட்டுவிட்டு, வேனில் உடுப்பும் பிளாஸ்டிக் சாமானும் ஏற்றிக்கொண்டு இன்றைக்கு ஹட்டன், நாளைக்கு பூண்டுலோயா, மறுநாள் வெலிமடை என்று சுற்றுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் யோசித்துச் செய்கிறார்களா என்பதுதான் என் கேள்வி.

இதே கேள்வி மீன் பிடிப்பவர்களுக்கும் உண்டு. ஒரே குளத்தில் வலை போடுவதா, குளம் குளமாக மாறுவதா? எங்கள் பக்கத்தில் குளத்துக்குப் பஞ்சமில்லை. நுவரெலியா கிரகரி வாவி 1873இல் வெள்ளைக்காரத் தேசாதிபதி கட்டியது. அதன் பின் 1965இல் காசல்ரீ, 1969இல் மவுசாகலை, 1985இல் கொத்மலை, 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை. கடைசி நான்கும் மின்சாரத்துக்காகக் கட்டியவை. அங்கே நீர் ஏறுவதும் இறங்குவதும் மீனுக்காக அல்ல, மின் உற்பத்திக்காக. 1952இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவின் ஆண் மீன், கரையோரத்து ஆழமில்லாத நீரில்தான் குழி தோண்டும். நீர் சட்டென்று இறங்கினால் அந்தக் குழி வெயிலில் காயும். எந்த மாதத்தில் எந்தக் கரை காயும், எந்த மூலையில் நீருக்குள் பழைய மரக்கட்டைகள் நின்று வலையைக் கிழிக்கும், எந்தக் காற்றுக்கு மீன் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பதெல்லாம் அந்தக் குளத்திலேயே வருடக்கணக்காகத் தோணி தள்ளியவனுக்குத்தான் தெரியும். புதிதாக வருகிறவன் நல்ல வலையோடு வரலாம். இந்த விபரம் அவனிடம் இருக்காது.

வேறொன்றும் இருக்கிறது. உள்நாட்டு நீர்நிலைகளில் 8.5 சென்றிமீற்றருக்குக் குறைந்த கண் வலை போடக்கூடாது என்பது எமது நாட்டுச் சட்டம். சிறு மீன் தப்பி வளரட்டும் என்பதற்காக. அதே குளத்துக்கு அடுத்த வருடமும் வரப்போகிறவன் இதை மதிப்பான். குஞ்சு வாங்கி விடுவதற்குச் சங்கத்தில் பணமும் கட்டுவான். நாளைக்கு வேறு குளத்துக்குப் போகிறவனுக்குச் சிறு மீன் வளர்ந்தால் என்ன, வளராவிட்டால் என்ன? கிடைத்ததை வாரிக்கொண்டு போவான்.

வியாபாரத்திலும் நான் காண்பது இதைத்தான். வேனில் வந்து ஒருநாள் விற்றுவிட்டுப் போகிறவர், சாயம் போகும் சேலையையும் மூன்றாம் நாள் கைப்பிடி கழன்றுவிடும் சட்டியையும் தயங்காமல் விற்கிறார். வாங்கிய அம்மா அவரை எங்கே போய்த் தேடுவார்? கடைக்காரனுக்கு அந்த வசதி இல்லை. மறுநாள் காலையில் அவர் சேலையோடு படியில் நிற்பார். எல்லா வேன் வியாபாரிகளும் அப்படியல்ல, எனக்குத் தெரிந்த நேர்மையானவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தொழிலில் ஆசை காட்டும் வழி அகலமாக இருக்கிறது.

"அப்படியானால் எமது முன்னோர் பொட்டணி சுமந்து ஊர் ஊராகப் போனார்களே?" என்று கேட்பீர்கள். போனார்கள்தான். எப்படிப் போனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பொட்டணி வியாபாரி கண்டபடி சுற்றவில்லை. இன்ன தோட்டத்து லயத்துக்கு இன்ன கிழமை என்று கணக்கு வைத்திருந்தார். எந்த வீட்டில் பெண் சமைந்தது, எந்த வீட்டில் கல்யாணம், யாருக்குத் தவணை கொடுக்கலாம் என்பது அவருக்கு மனப்பாடம். அவர் நடந்தது பத்து மைலாக இருக்கலாம், ஆனால் அவருடைய குளம் ஒன்றுதான்.

நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துக் கடல் மீனவர்களைப் பாருங்கள். தென்மேல் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது வள்ளங்களை ஏற்றிக்கொண்டு கிழக்கு, வடகிழக்குக் கரைக்குப் போகிறார்கள். வாடைக்காற்று தொடங்கும்போது திரும்புகிறார்கள். காலங்காலமாக நடக்கிற இடமாற்றம் இது. ஆனால் அவர்களும் பெரும்பாலும் போன இடத்துக்கே மறுபடியும் போகிறார்கள், பழைய இடத்திலேயே வாடி போடுகிறார்கள். முல்லைத்தீவுப் பக்கம் கொக்கிளாய், நாயாற்றில் உள்ளூர் மீனவர்களோடு இதனால் நீண்ட தகராறும் உண்டு. வெளியிலிருந்து வருகிறவன் நம் கடலை அள்ளிப் போகிறான் என்பது உள்ளூரானின் ஆதங்கம். சம்பளக் கிழமையில் வெளியூர் வேன்கள் வந்து வீதியோரத்தை நிரப்பும்போது எங்கள் கடைக்காரர்கள் படுகிற ஆதங்கமும் இதுதானே?

ஆனாலும் ஒரு குளத்தானுக்கும் ஆபத்து இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவது நியாயமல்ல. 1990இல் அரசாங்கம் உள்நாட்டு மீன்பிடிக்கான உதவியை நிறுத்தியது. நான்கைந்து வருடங்களுக்குப் பிறகே மீண்டும் கொடுத்தது. குளத்தையே நம்பியிருந்தவர்கள் அந்த இடைவெளியில் என்ன பாடு பட்டிருப்பார்கள்! எமக்கும் அப்படித்தான். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள், கொழுந்து குறைந்தது, கொழுந்து குறைந்தால் தோட்டத்தில் வேலை நாள் குறையும், கடைக் கொப்பியில் கடன் ஏறும். அடுத்த வருடம் டொலர் இல்லாமல் நாடே நின்றது. ஒரே தோட்டத்து லயத்தை நம்பிக் கடை வைத்தவர்கள் அந்த இரண்டு வருடத்தில் பட்டது கொஞ்சமல்ல.

அதைவிடப் பெரிய விடயம், குளத்திலேயே நீர் குறைகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். உடுப்பு, செருப்பு, போன் எல்லாம் புறக்கோட்டையிலேயே வாங்கிக்கொண்டு தீபாவளிக்கு வருகிறார்கள். லயத்தில் மிஞ்சியிருப்பது வயதானவர்களும் சிறு பிள்ளைகளும். 2024இல் நாட்சம்பளத்தை 1350 ரூபா ஆக்கினார்கள், நல்லதுதான். ஆனால் அந்தச் சம்பளம் வாங்கும் கைகள் முன்பு போல் இல்லை. மவுசாகலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போனது, நீர் இறங்கும் காலத்தில் பழைய கோயில் வெளியே தெரியும். மேல் கொத்மலைக்காகத் தலவாக்கலையிலும் கடைகளும் வீடுகளும் இடம் மாறின. நாம் இடம் மாறமாட்டோம் என்று பிடிவாதமாக இருந்தாலும் சில வேளை இடம் நம்மை விட்டுப் போய்விடுகிறது.

ஆகவே என் அபிப்பிராயம் இது. கடையை விடாதீர்கள். ஆனால் இரண்டாவதாக ஒரு குளம் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றே ஒன்று. ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலம், அல்லது டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை நல்லதண்ணியில் சிவனொளிபாதமலைக் காலம். கம்பளிச் சட்டையும் தொப்பியும் விற்கிறவருக்கு அங்கே நல்ல வியாபாரம். போவதானால் வருடா வருடம் அதே இடத்துக்குப் போங்கள். அங்கும் உங்கள் முகம் தெரியட்டும், அங்கும் மொத்த வியாபாரி உங்களை நம்பட்டும். ஐந்து ஊருக்கு ஓடுகிறவர் டீசல், சாப்பாடு, இடவாடகை, மழையில் நனைந்த சாமான், கடையில் இல்லாத நாட்களில் போன வியாபாரம் எல்லாவற்றையும் மூன்று மாதம் ஒரு கொப்பியில் எழுதிப் பார்க்கட்டும். விற்ற பணத்தை எண்ணுகிறவர்கள் பலர், இந்தச் செலவை எண்ணுகிறவர்கள் சிலர்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலைநாட்டுப் பாதைகள் மண்ணால் மூடப்பட்டபோது ஓடும் வியாபாரம் அப்படியே நின்றது. அந்த நாட்களில் லயத்து மக்களுக்கு அரிசி, பருப்பு கொடுத்தது பக்கத்துக் கடைதான், அதுவும் பெரும்பாலும் கடனுக்கு.

வீதியோர வேன்களை விரட்ட வேண்டும் என்று வர்த்தக சங்கங்களில் பேசப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள், பலர் நமது ஊரவர்களே. தமிழ்நாட்டில் பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. இறால் கிடைக்கும் நல்ல இடங்களில் யார் எந்த நாள் வலை போடுவது என்று ஊர் மீனவர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். நமது நீர்கொழும்புக் களப்பிலும் கட்டு வலை போடும் மீனவர்கள் சீட்டுக் குலுக்கித்தான் இடம் எடுக்கிறார்கள். நல்ல இடம் ஒருவனுக்கே நிலைப்பதில்லை, ஒருவனுக்கு முற்றாக இல்லாமலும் போவதில்லை. 10ஆம் திகதி சம்பளம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு இப்படி ஒரு முறை வைத்தால் என்ன? இத்தனை வேன், இந்த இடம், இன்னாருக்கு இந்த மாதம், வெளியூராருக்கு இத்தனை என்று சங்கமும் பிரதேச சபையும் உட்கார்ந்து பேசலாம். பழுதான சாமானைத் திருப்பி எடுக்காதவருக்கு அடுத்த முறை இடமில்லை என்றும் ஒரு விதி போடலாம். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை நான் முன்வைக்க இருக்கிறேன். கடைக்காரர்கள் மட்டுமல்ல, வேன் வைத்திருக்கும் தம்பிமாரும் வர வேண்டும்.