மடக்குக் கத்தி: நேர்வாயா, பல்வாயா?



வீட்டில் பெரிய மடக்குக் கத்தி ஒன்று இருந்தால் நல்லது என்று நம்மில் பலருக்கும் ஒரு நேரத்தில் தோன்றும். குடும்பத்தோடு பயணம் போகும்போது அன்னாசி வெட்ட, பாண் துண்டாக்க அது வேண்டும். தோட்டத்தில் கயிறு அறுக்கவும், கடலுக்குப் போகும் கணவரின் பையில் வைக்கவும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளின் பெட்டிக்குள்ளும் ஒன்று வந்து சேர்வதுண்டு. ஆனால் வாங்கும்போது நாம் பார்ப்பதெல்லாம் பிடியின் அழகையும் அலகின் பளபளப்பையும்தான். விரலைக் காப்பது பூட்டு. வேலையைச் செய்வது வாய். இந்த இரண்டையும் பார்க்காமல் வாங்கிய கத்தி, ஒன்று லாச்சிக்குள் கிடந்து துருப்பிடிக்கும். அல்லது ஒரு நாள் கையைப் பதம் பார்க்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குசினிக்கு மடக்குக் கத்தி ஏற்றதல்ல. மீனின் செதிலும், இறைச்சியின் கொழுப்பும், பழச்சாறும் அது மடியும் பொருத்துக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். அதை முழுமையாகக் கழுவி எடுப்பது சிரமம். வீட்டுச் சமையலுக்கு மடங்காத கத்தியே எப்போதும் சுத்தமானது, உறுதியானது. பயணம், தோணி, தோட்டம் என்று கத்தியை எடுத்துச் செல்ல வேண்டிய இடத்துக்குத்தான் மடக்குக் கத்தி.

எவ்வளவு பெரியது?

அலகு மட்டும் 9 அல்லது 10 சென்ரிமீற்றர் இருந்தால் அது பெரிய மடக்குக் கத்திதான். பிரான்சின் மலைநாடான சவோயில் 1890இல் ஜோசப் ஒபினெல் என்பவர் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி இன்றும் இலக்கமிட்ட அளவுகளில் விற்கப்படுகிறது. அதில் 8ஆம் இலக்கத்தின் அலகு 8.5 சென்ரிமீற்றர், 12ஆம் இலக்கத்தின் அலகு 12 சென்ரிமீற்றர். பழம் சீவ, பொதி பிரிக்க, கயிறு அறுக்க முதலாவது போதும். அன்னாசியையும் பாணையும் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டுமானால்தான் இரண்டாவது தேவை. அலகு நீள நீளப் பிடியும் நீளும், கத்தியும் பாரமாகும். உங்கள் உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். பிடி கைக்குள் அடங்கி, நான்கு விரலும் அதன்மேல் பதிய வேண்டும்.

விரலைக் காப்பது பூட்டு

மடக்குக் கத்தியால் வரும் காயங்களில் மோசமானது, வெட்டிக்கொண்டிருக்கும்போதே அலகு திரும்பி மடிந்து விரலில் இறங்குவதாகும். சாதாரண பேனாக் கத்தியில் அலகைத் திறந்தபடி நிறுத்துவது ஒரு வில் மட்டுமே. முனையால் குத்தினாலோ, அலகின் முதுகில் அழுத்தம் பட்டாலோ அது மடிந்துவிடும். சிறிய கத்திக்கு இது பரவாயில்லை. பெரிய கத்தியில் பூட்டு கட்டாயம் இருக்க வேண்டும்.

பூட்டில் மூன்று வகையை அதிகம் காணலாம். ஒன்று, பிடியின் முதுகிலுள்ள நெம்பை அழுத்தினால் மட்டுமே மூடுவது. 1960களில் அமெரிக்காவின் பக் நிறுவனம் வெளியிட்ட 110 இலக்கக் கத்தி இவ்வகையைப் பிரபலமாக்கியது. இரண்டாவது, பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியைத் தாங்கி நிற்பது. மூன்றாவது, கழுத்தில் உள்ள வளையத்தைத் திருப்பிப் பூட்டுவது. ஒபினெல் கத்திக்கு 1955இல் சேர்க்கப்பட்டது இதுதான். ஒவ்வொரு முறையும் கையால் திருப்ப வேண்டும். மறந்தால் பூட்டு இல்லை. ஆனால் பார்த்தவுடன் பூட்டியிருக்கிறதா என்று தெரியும்.

கடையிலேயே சோதித்துப் பாருங்கள். அலகைத் திறக்கும்போது "டக்" என்று தெளிவாக விழ வேண்டும். திறந்த அலகைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் ஆடக்கூடாது. விரல்களை அலகு வரும் வழியிலிருந்து விலக்கிக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் இலேசாக அழுத்திப் பாருங்கள்; பூட்டு நழுவினால் அந்தக் கத்தி வேண்டாம். மூடும்போது அலகு பிடியின் நடுவே இறங்க வேண்டும். பூட்டை விடுவிக்க உங்கள் விரல் பலமே போதுமா என்பதையும் பாருங்கள். ஆணின் கைக்கு இலேசாக இருப்பது சில வேளை பெண்ணின் கைக்குக் கடினமாக இருக்கும்.

வாய் இரண்டு வகை

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். அலகின் வெட்டும் ஓரத்தையே வாய் என்கிறோம். ஓரம் ஒரே கோடாக இருந்தால் நேர்வாய். பல் பல்லாக இருந்தால் பல்வாய். பல்வாய் நமக்குப் புதிதல்ல. பாண் வெட்டும் கத்தியிலும், நெல் வெட்டிய தாக்கத்தியிலும் அதைக் கண்டிருக்கிறோம். மடக்குக் கத்தியில் அது பரவலானது 1980களுக்குப் பிறகுதான்.

பல்வாய் எப்படி வேலை செய்கிறது? அழுத்தம் முழுவதும் பற்களின் கூர்நுனிகளில் குவிவதால், வழுக்கும் கயிறும் பாணின் கடினமான மேற்புறமும் உடனே பிடிபடும். பற்களுக்கிடையே உள்ள பள்ளங்கள் பலகையில் உராய்வதில்லை. ஆகவே அங்குள்ள கூர் நெடுநாள் நிற்கும். கயிறு, நைலோன் நாடா, சாக்கு, தடித்த காட்போட் பெட்டி ஆகியவற்றுக்குப் பல்வாய் சிறந்தது.

ஆனால் அது அறுக்கும் வாய், சீவும் வாய் அல்ல. மாம்பழத் தோலைச் சீவினால் சதையைப் பிய்த்துவிடும். இறைச்சியை நாராக்கும். பெரும்பாலும் பற்கள் ஒரு பக்கத்தில் மட்டுமே தீட்டப்பட்டிருப்பதால் வெட்டு நேராகப் போகாமல் ஒரு பக்கம் சாயும். நேர்வாயோ பழம், மரக்கறி, மீன், இறைச்சி எதையும் சுத்தமாக வெட்டும். கயிறும் அதற்கு முடியாததல்ல. கரடுமுரடான கல்லில் மட்டும் தீட்டி, மெருகேற்றாமல் விட்ட நேர்வாய் கயிற்றை நன்றாகவே கடித்து அறுக்கும்.

சில கத்திகளில் முன்பாதி நேர்வாயாகவும் பிடியை ஒட்டிய பின்பாதி பல்வாயாகவும் இருக்கும். ஒன்றை வாங்கினால் இரண்டு கிடைக்கிறதே என்று மனம் ஆசைப்படும். யோசித்துப் பாருங்கள். தோல் சீவும்போதும் தடி சீவும்போதும் நம் பலம் அதிகம் இறங்குவது பிடியை ஒட்டிய பகுதியில்தான். அந்த இடத்தைப் பற்கள் பிடித்துக்கொள்கின்றன. கயிறு அறுக்கவோ அந்தச் சிறு பல்வரிசை போதாது. ஆகவே ஏதாவதொன்றை முழுமையாகத் தெரிவு செய்வதே நல்லது.

யார் தீட்டுவது?

கடைக்காரர் சொல்லாத விடயம் இது. பல்வாய் சீக்கிரம் மழுங்காதுதான். ஆனால் மழுங்கினால் வீட்டுத் தீட்டுக்கல்லில் வைக்க முடியாது. வைத்தால் பற்கள் தேய்ந்துபோகும். ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் மெல்லிய உருளைக் கம்பியொன்றை விட்டு, சரிவுள்ள பக்கத்தில் மட்டும் தீட்ட வேண்டும். அந்தக் கம்பி எல்லா ஹாட்வெயார் கடைகளிலும் கிடைப்பதில்லை.

நேர்வாயை நாமே தீட்டிக்கொள்ளலாம். கத்தியைக் கல்லின்மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். அதில் பாதி சரித்தால் 45 பாகை. மறுபடியும் பாதி சரித்தால் ஏறக்குறைய 22 பாகை. அந்தச் சரிவிலேயே, இரு பக்கமும் சமமாக இழுங்கள். கல் இல்லாத இடத்தில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால், அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அதில் சில தடவை இழுத்தாலும் கூர் திரும்பும். கூர் இல்லாத கத்திதான் ஆபத்தானது. அது வெட்டாததால் நாம் அதிகம் அழுத்துகிறோம், அழுத்தும்போது வழுக்குகிறது.

கூரைப் பற்றிப் பேசும்போது குர்பானும் நினைவுக்கு வரும். அறுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், பிராணியை வேதனைப்படுத்தக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் ஏவியிருப்பதை நாம் அறிவோம். அதற்குப் பல்வாய்க் கத்தி உதவாது. அது பிய்த்து அறுக்கும். மடக்குக் கத்தியும் ஏற்றதல்ல. பிடி வழுக்கும், இரத்தமும் கொழுப்பும் பொருத்துக்குள் தங்கும். அதற்கென்று நீண்ட, மடங்காத, நேர்வாய்க் கத்தியைத் தனியே வைத்திருங்கள்.

உப்புக் காற்றும் உருக்கும்

காபன் உருக்கு அலகு இலகுவாகத் தீட்டுப்படும். ஆனால் தேசிக்காய், மாங்காய் பட்டால் கறுக்கும். கரையோர ஊர்களின் உப்புக் காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத உருக்கும் துருவிலிருந்து முற்றாகத் தப்பியதல்ல. துரு ஏறுவது தாமதமாகும், அவ்வளவுதான். எதுவானாலும் பாவித்த பின் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, திறந்தபடி உலர விட்டு, பிறகே மடியுங்கள். பொருத்துக்குள் தேங்காயெண்ணெய் விடாதீர்கள். நாளடைவில் பிசுபிசுத்து இறுகும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி போதும். உணவு வெட்டுமுன் அலகை நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள்.

எங்கே வைப்பது, எங்கே கொண்டுபோவது?

2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின், மே மாதத்தில், வாள்களையும் கத்திகளையும் ஒப்படைக்கும்படி பொலிஸார் பொதுமக்களைக் கேட்டார்கள். அன்றாட வேலைக்கான கத்திகள் அதில் சேரவில்லை. என்றாலும் அந்த நாட்களின் சோதனைகளும் அச்சமும் நம் வீடுகளில் யாருக்கும் மறக்கவில்லை. பெரிய மடக்குக் கத்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் திரிவது பிள்ளைகளுக்குப் பெருமையாக இருக்கலாம். பெற்றோருக்கு வீண் சிக்கல். அது சாப்பாட்டுக் கூடையிலோ, மீன்பிடிப் பையிலோ, தோட்டச் சாமான்களோடோ இருக்கட்டும். விமானப் பயணத்தில் கைப்பையில் வைக்க முடியாது. பாரப் பெட்டிக்குள் வையுங்கள். இங்கிலாந்துக்குப் படிக்கப் போகும் மகனுக்குக் கொடுத்துவிடுவதாக இருந்தால் இன்னும் கவனம். அங்கே தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் கொண்டுசெல்லக் கூடியது, வெட்டும் ஓரம் 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தி மட்டுமே. கையைக் காக்கும் என்று நாம் தேடி வாங்கும் பூட்டே அங்கு குற்றமாகிவிடும்.

வீட்டில் சிறு பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், மடித்தே வையுங்கள். ஒருவர் கைக்குக் கொடுக்கும்போதும் மடித்தே கொடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், பெரும்பாலான குடும்பங்களுக்கு 8 முதல் 10 சென்ரிமீற்றர் வரையான அலகும், நல்ல பூட்டும், நேர்வாயும் கொண்ட கத்தியே போதும். கடலுக்குப் போகிறவருக்கு மட்டும் பல்வாயும், துருப்பிடிக்காத உருக்கும், மொட்டை முனையும் உள்ளதாகப் பாருங்கள். ஆடும் தோணியில் ஈரக் கயிறு அவசரமாக அறுபட வேண்டும். கூரான முனை யார் மேலும் குத்திவிடக் கூடாது. வாங்கப் போகுமுன் வீட்டிலேயே இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதனால் அதிகம் வெட்டப்போவது என்ன? மழுங்கினால் தீட்டப்போவது யார்? இதற்குப் பதில் தெரிந்த பின் கடைக்குப் போனால், பளபளப்பு உங்களை ஏமாற்றாது.