வராக்கடன்

நான் பி.காம். கடன் என்றால் கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர், திருப்பித் தரும் தேதி மூன்றும் இருக்கவேண்டும் என்று நம்புகிறவன். தேதியே இல்லாமல் நான் பார்த்த ஒரே கடன், பள்ளிக்கூடத்து பி.டி. பீரியட்!

'போர்ஷன் முடியலை' என்று கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். டிரில் மாஸ்டர் விசிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். ஒரு பீரியட்கூட திரும்பி வந்ததில்லை. பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள், முடிந்தால் உங்கள் பீரியடைக் கடன் கொடுங்கள் என்று 2024-ல் துணை முதல்வர் உதயநிதியே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது.

5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தினம் சராசரியாக 60 நிமிஷம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களே எடுத்த 2016-ம் வருஷக் கணக்குப்படி, 11-17 வயதில் உலகம் முழுக்க ஐந்தில் நாலு பேர் இதில் ஃபெயில்.

எங்கள் வகுப்பிலும் உடற்பயிற்சி இருந்தது சார். தோப்புக்கரணம், முட்டி போடுதல், பெஞ்சு மேல் ஏறுதல்... எல்லாம் தண்டனை இலாகா! அசையாமல் உட்கார்ந்தால் நல்ல பையன். அசைந்தால் அடி.

என் பக்கத்து சீட்காரன் உட்காரவே மாட்டான். சாக்பீஸ் எடுத்துவரச் சொன்னால் ராக்கெட். ஒன்பதாவதில் புதிதாக வந்த கணக்கு சார் ஒருநாள், "நம்பர் சொல்வேன். விகிதமுறு எண்ணுன்னா ஜன்னல் பக்கம் ஓடு. விகிதமுறா எண்ணுன்னா கதவுப் பக்கம்" என்றார். கிரவுண்டு வேண்டாம், விசில் வேண்டாம், பத்தே நிமிஷம். அவன் ஒன்றில்கூட தப்பு பண்ணவில்லை. ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கும் நான் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே முழித்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்து வகுப்பிலிருந்து 'சத்தம்' என்று புகார் போனது. ஆட்டம் அதோடு சரி. அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கூடத்திலேயே இல்லை.

போன வாரம் கடமலைக்குண்டில் பஸ்ஸை விட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். எதிரே லாரியில் தேங்காய் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான் அவன்.

"என்னடா, கிழவன் மாதிரி?"

"உட்கார்ந்தே எழுதறேன்ல... மணிக்கொரு தடவை எந்திரிச்சு நடக்கணும்கிறார் டாக்டர்."

சிரித்தான். "உனக்கு அதை காசு வாங்கிக்கிட்டு சொல்றாங்க. எனக்கு அதுக்குத்தான்டா அடி விழுந்துச்சு!"