முதல் வரியும் முழுப் பட்டியலும்

சென்ற விடுமுறையில் கலசப்பாக்கத்திலே, எம் நண்பரொருவர் இல்லத்தில் சின்னாள் தங்கியிருந்தோம். அவர் கணிப்பொறியியல் பயில்பவர். பெற்றோர் பட்டு நெய்பவர். உள்ளே தறி ஒலிக்க, அவர் திண்ணையிலமர்ந்து, பழைய அச்சு நூல்களைக் கணிப்பொறி தானே படிக்குமாறு அதனைப் பயிற்றிக்கொண்டிருந்தார். பயிற்சியின் அமைப்புக்களை மாற்றி மாற்றி 20 முறை முயன்று, ஒவ்வொரு முறையின் விளைவையும் சேமித்து வைத்திருந்தார்.

இவ்விளைவுகளைத் திரும்பக் காண்டற்குக் கட்டளைவரிக் கருவிகள் உள. டி.வி.சி. என்பது அவற்றுள் ஒன்று. 'டி.வி.சி. எக்ஸ்ப் ஷோ' என்று தட்டெழுதிய அளவில் சேமித்தவை அட்டவணையாய் விரியும். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வரி. அதில் அமைப்புக்களும் மதிப்பெண்களும் நிரலே நிற்கும். பின்னும் சில சொற்களைச் சேர்ப்பின், மிக்க மதிப்பெண் பெற்றது சோதனைகளுள் முதல் வரியில் வந்து நிற்கும். நண்பர் அவ்வாறே செய்து, "இதுவே வெற்றி" என்றார்.

யாம் தமிழ் மாணவராதலின், அம்முதல் வரிக்குரிய மாதிரி படித்த பக்கங்களை மூலத்தோடு ஒப்பிட்டோம். 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன்னர் ணா, றா, னா, லை, னை முதலியன வேறு வடிவில் அச்சிடப்பட்டமை நேயர் அறிந்ததே. அம்மாதிரி புது வடிவங்களைப் பிழையறப் படித்தது. பழைய வடிவங்களிலே தடுமாறிற்று. பட்டியலில் ஏழாவதாய் நின்றதோ பழையவற்றை நன்கு படித்தது. தேர்வுக்கு வைத்த பக்கங்களிற் பெரும்பாலன எளிதிற் கிடைத்த புதிய அச்சாதலின், ஒற்றை மதிப்பெண் இவ்வேற்றுமையை மறைத்துவிட்டது. முதல் வரியை நம்பியிருப்பின், பழைய நூல்கள் பிழையோடு பெயர்க்கப்பட்டு, அப்பிழையே நாளை பாடமாய் வழங்கியிருக்கும்.

இதனினும் நுண்ணிய குற்றம் ஒன்றுண்டு. ஒரு முயற்சி தற்செயலாற் சிறந்து தோன்றுதல் நூற்றில் 5 பங்கு எனக் கொள்வோம். தனித்தனியே 20 முறை முயலின், ஒரு முறையேனும் அது நேர்தற்கு நூற்றில் ஏறத்தாழ 64 பங்கு இடமுண்டு. ஆதலின், எத்துணை முறை முயன்றோம் என்பதை உரையாது, சிறந்த ஒன்றை மட்டும் உரைத்தல் பாதி மெய்யேயாம்.

நூற்றுக்கணக்கான சோதனைகளை ஒவ்வொன்றாய்ப் பார்ப்பது இயலுமோ என்று வினவுவாருளர். வரிசைப்படுத்துதல் குற்றமன்று; எந்த நிரல் கொண்டு வரிசைப்படுத்தினோம் என்பதை மறத்தலும், கீழே நின்றவற்றை அழித்தலுமே குற்றம். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894-இல் பதிப்பித்தார். ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கித் தாம் கொண்ட பாடத்தோடு, கொள்ளாத பாடபேதங்களையும் குறிக்கும் வழக்கம் அவர் பதிப்புக்களிற் காணப்படும். கொள்ளாததையும் காத்து வைத்தமையாலன்றோ பின்வந்தார் அவர் தேர்வை ஆராய்தல் இயல்வதாயிற்று? சோதனைப் பட்டியலுக்கும் இந்நெறியே வேண்டும்.

நிற்க. அன்று மாலை நண்பரின் அன்னையார் தறியினின்று அறுத்த புடவையை விரித்தார். முகப்புறத்தை நோக்கிய பின், மறுபுறத்தையும் திருப்பி இழையிழையாய்ப் பார்த்தார். நண்பர் ஒன்றும் பேசாது மீண்டும் பட்டியலைத் திறந்தார். பழைய எழுத்துக்களுக்கெனத் தனியே பக்கங்கள் திரட்டி, அவற்றிற்கு வேறு மதிப்பெண் நிரலொன்று வகுத்தார்.

நம் கல்லூரி மாணவர் இத்தகைய ஆய்வேடுகளைச் சமர்ப்பிக்குங்கால், முழுப் பட்டியலையும் பிற்சேர்க்கையாய் இணைத்தல் வேண்டும். முயற்சிகளின் தொகையை முதற் பக்கத்திலேயே கூறல் வேண்டும். ஆசிரியப் பெருமக்களும் மதிப்பெண்ணைக் கேட்குமுன் இவ்விரண்டையும் கேட்பாராக. தோற்ற முயற்சியைக் காட்டும் மாணவனுக்கு மதிப்புக் குறையாது என்னும் உறுதி அவர்களிடமிருந்து வந்தாலொழிய, எவரும் அதைக் காட்டத் துணியார். இஃதே எம் விண்ணப்பம்.