தவறி வந்த தபால்

வீட்டின் தபால் பெட்டியில் ஒரு பழுப்பு உறை கிடக்கிறது. அனுப்பியவர் இடத்தில் நீதிமன்றத்தின் பெயரோ வங்கியின் பெயரோ வருவாய்த் துறை அலுவலகத்தின் முத்திரையோ இருக்கிறது. பெறுநராக இருப்பவர் பக்கத்து வீட்டுக்காரர். இதை என்ன செய்வது என்பது சில்லறைக் கேள்வியாகத் தோன்றலாம். அந்த உறைக்குள் ஒரு கெடு ஓடிக்கொண்டிருந்தால், அதைக் கையில் வைத்திருப்பவரின் ஒவ்வொரு நாள் தாமதமும் இன்னொருவரின் கணக்கில் ஏறுகிறது.

தபால் வீடு மாறுவதற்குத் தமிழ்நாட்டில் தனிக் காரணங்களே உண்டு. சென்னையின் பழைய தெருக்களில் ஒரு வீட்டுக்கு இரண்டு எண்கள். பழைய எண் 12, புதிய எண் 25 என்று வாசலில் இரண்டையும் எழுதிவைத்திருப்பார்கள். ஆதாரில் ஓர் எண்ணும் மின் கட்டண அட்டையில் இன்னோர் எண்ணுமாக ஆவணங்கள் பிரிந்து கிடக்கும். வெறுமனே 12 என்று எழுதி வரும் உறைக்கு அதே தெருவில் இரண்டு வீடுகள் பொருந்தும். ஊருக்கு ஊர், பேட்டைக்குப் பேட்டை பிள்ளையார் கோயில் தெருவும் காந்தி தெருவும் முதல் குறுக்குத் தெருவும் இருக்கின்றன. போதாததற்குப் பெயர். குடும்பப் பெயர் இல்லாமல் தலைப்பெழுத்தை மட்டும் சுமக்கும் தமிழ்ப் பெயரில் அந்த ஓர் எழுத்து விடுபட்டாலோ மாறினாலோ எஸ். முருகனின் கடிதம் எம். முருகன் வீட்டில் விழுகிறது. பழகிய தபால்காரர் இருக்கும்வரை இவையெல்லாம் பெரிதாகத் தெரிவதில்லை. எந்த முருகன் என்று அவருக்குத் தெரியும். அவர் விடுப்பில் போய் மாற்று ஆள் வரும் நாட்களில்தான் முகவரியின் ஓட்டைகள் வெளிப்படுகின்றன.

1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான ஆறு இலக்கப் பின்கோடு, கடிதத்தைச் சரியான அஞ்சலகம்வரை கொண்டுசேர்க்கும். அங்கிருந்து வாசல்வரையிலான தூரத்துக்கு அதனால் உதவ முடியாது. 2025-ல் அஞ்சல் துறை வெளியிட்ட டிஜிபின், நாட்டின் பரப்பை ஏறத்தாழ நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. வரிசை வீடுகளுக்கு இது நல்ல தீர்வாகலாம். ஆனால், இரண்டாம் மாடி வீடும் ஐந்தாம் மாடி வீடும் ஒரே கட்டத்துக்குள் நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் பெயரையும் கதவு எண்ணையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

தவறி வந்த கல்யாணப் பத்திரிகைக்கும் அரசுத் தபாலுக்கும் உள்ள வித்தியாசம் நாட்கணக்கில் இருக்கிறது. உரிமையியல் வழக்கில் அழைப்பாணை சார்பானதிலிருந்து, அதாவது முறையாகச் சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து, 30 நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் காரணம் பதிவு செய்து 90 நாட்கள்வரை நீட்டிக்கலாம். செக் திரும்பிய விவகாரத்தில் அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் குற்ற வழக்கே எழாது. வீட்டுக் கடன் தவணை நின்றுபோனவருக்கு 2002-ம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி அனுப்பும் நோட்டீஸ் தரும் அவகாசம் 60 நாட்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாட்கள். பக்கத்து வீட்டு டிவி மேசையில் பத்து நாள் கிடந்த உறை, இவற்றில் எதிலிருந்து வேண்டுமானாலும் பத்து நாட்களைத் தின்றிருக்கும்.

இதில் சட்டம் ஓர் அனுமானத்தோடு இயங்குகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. 1897-ம் ஆண்டின் பொது வகைமுறைகள் சட்டம், பிரிவு 27-ன்படி, சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால், வழக்கமாகச் சேர வேண்டிய நாளில் அது சேர்ந்துவிட்டதாகவே கொள்ளப்படும். சேரவில்லை என்று நிரூபிக்க வேண்டியவர் பெறுநர். கைக்கே வராத ஒன்றை வரவில்லை என்று நிரூபிப்பது எவ்வளவு சிரமம் என்பது நீதிமன்றப் படியேறியவர்களுக்குத் தெரியும். செக் வழக்குகளில் மட்டும் உச்ச நீதிமன்றம் 2007-ல் அலவி ஹாஜி வழக்கில் ஒரு வாசலைத் திறந்துவைத்தது. நோட்டீஸ் வரவில்லை என்பவர் நீதிமன்ற அழைப்பாணை கிடைத்த 15 நாட்களுக்குள் தொகையைச் செலுத்திப் புகாரைத் தள்ளுபடி செய்யக் கோரலாம் என்றது. எல்லா வகை நோட்டீஸ்களுக்கும் இப்படி ஒரு வாசல் இல்லை.

ஆகவே, அடுத்தவர் தபாலுக்குக் கையெழுத்துப் போடுவது உபகாரமாகத் தெரிந்தாலும் ஆபத்தானது. “நீங்களே வாங்கிக் குடுத்துடுங்க சார்” என்று தபால்காரர் கேட்பதும், அவசரத்தில் ஒருவர் கிறுக்கிக் கொடுப்பதும் அன்றாடக் காட்சி. அந்தக் கிறுக்கலோடு அஞ்சலகப் பதிவில் அது ‘பட்டுவாடா ஆனது’ என்று ஆகிவிடுகிறது. அனுப்பிய அலுவலகத்துக்கு அதுவே சான்று. நீதிமன்ற அழைப்பாணையை, பிரதிவாதி இல்லாதபோது, அவரோடு வசிக்கும் வயதுவந்த குடும்ப உறுப்பினரிடம் சார்பு செய்யலாம் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம். வேலைக்காரர் குடும்ப உறுப்பினர் ஆகமாட்டார் என்று அதே விதி விளக்குகிறது. அண்டை வீட்டாருக்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது. இந்தக் கவனம் 2025-க்குப் பிறகு கூடுதலாகத் தேவைப்படுகிறது. பதிவுத் தபால் பெறுநரின் பெயரைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது. ஸ்பீடு போஸ்ட் முகவரியைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. அந்த ஆண்டில் முன்னது பின்னதோடு இணைக்கப்பட்டு, பெறுநரிடமே தரும் ‘பதிவு’ என்பது தனிக் கட்டணச் சேவையாக மாறியது. தமிழ்நாட்டில் ஓட்டுநர் உரிமமும் வாகனப் பதிவுச் சான்றும் 2024 பிப்ரவரி இறுதியிலிருந்து ஸ்பீடு போஸ்ட்டில்தான் வருகின்றன.

தவறி வந்த தபாலை வைத்துக்கொள்வது குற்றமா? நூறாண்டுக்கும் மேலாக இதற்கு நேரடி விடை இருந்தது. 1898-ம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம், அஞ்சலகத்தில் ஒப்படைக்கப்பட்ட கடிதம் பெறுநரிடம் சேரும்வரை பயணத்தில் இருப்பதாகவே கருதியது. தவறான வீட்டில் விழுந்த கடிதத்துக்குப் பயணம் முடியவில்லை. வழியில் ஒரு திண்ணையில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதை மோசடியாகவோ வேண்டுமென்றோ வைத்துக்கொள்பவருக்கு 68-வது பிரிவு இரண்டு ஆண்டுவரை சிறையும் அபராதமும் விதித்தது. இன்னொருவருக்குத் தீங்கு செய்யும் நோக்கில் கடிதத்தைப் பிரிப்பவருக்கு 69-வது பிரிவில் ஆறு மாதம்வரை சிறை. 2023-ல் ஜன விஸ்வாஸ் சட்டம் இந்தக் குற்றப் பிரிவுகளை நீக்கியது. அடுத்து வந்த அஞ்சலகச் சட்டம், 2023 – 2024 ஜூன் 18-ல் நடைமுறைக்கு வந்தது – பழைய சட்டத்தையே ரத்து செய்தது. அந்தப் பிரிவுகளுக்கு மாற்றாக எதையும் தரவில்லை. மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்தாலன்றித் தவறான பட்டுவாடாவுக்கு அஞ்சல் ஊழியர் பொறுப்பாக மாட்டார் என்றும் அது சொல்கிறது.

மிஞ்சியிருப்பது பொதுவான குற்றச் சட்டம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-வது பிரிவு, பிறர் பொருளை நேர்மையற்றுத் தனதாக்கிக்கொள்வதை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரியதாக்குகிறது. பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து அப்படியே வந்த அதன் உதாரணங்களில் ஒன்று வீதியில் கிடந்த கடிதத்தைப் பற்றியது. உள்ளே ரூபாய் நோட்டு. கடிதத்தைப் பார்த்து உரியவர் யார் என்று தெரிந்த பின்னும் எடுத்துக்கொள்பவர் குற்றவாளி. உரியவரிடம் சேர்ப்பதற்காக எடுத்துவைப்பவர் குற்றவாளி ஆகமாட்டார் என்றும் அந்தப் பிரிவு விளக்குகிறது. ஆனால், விரோதத்தில் சம்மனைக் கிழித்து அடுப்பில் போடுபவருக்கு அந்தக் காகிதத்தால் லாபம் எதுவும் இல்லை. அவர்மீது இந்தப் பிரிவைப் பொருத்துவது எளிதாக இராது. பிரிட்டனின் 2000-ம் ஆண்டு அஞ்சல் சேவைகள் சட்டம், தவறி வந்தது என்று தெரிந்தும் தீங்கு செய்யும் நோக்கில் தபாலைப் பிரிப்பதைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. அறியாமல் செய்த பிழைக்குச் சிறை கூடாது என்பது சரி. தெரிந்தே செய்யும் தீங்குக்கும் அஞ்சல் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லாமல் போனது தவறு. அந்த வரி திரும்ப வர வேண்டும்.

சட்டத்தின் இந்த இடைவெளியில் வேலை செய்வது அண்டை வீட்டாரின் நாணயம்தான். செய்ய வேண்டியது அதிகமில்லை. உறையைப் பிரிக்காமல், அன்றைக்கே, பெயருக்குரியவர் கையிலேயே கொடுக்க வேண்டும். குழந்தையிடம் கொடுத்தனுப்புவதும் கேட்டுக்கு அடியில் தள்ளிவிடுவதும் இன்னொரு தவறான பட்டுவாடா. வீடு பூட்டியிருந்தால் தொலைபேசியில் சொல்லலாம். உறையின் படத்தை அவருக்கு மட்டும் அனுப்பலாம். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் “இது யாருடையது?” என்று படத்தைப் போடுவதைப் பலர் உதவியாக நினைக்கிறார்கள். குடும்ப நல நீதிமன்றத்தின் பெயரோ கடன் வசூல் தீர்ப்பாயத்தின் பெயரோ அச்சிட்ட உறை, பிரிக்காமலேயே ஒரு குடும்பத்தின் கஷ்டத்தை இருநூறு பேருக்குச் சொல்லிவிடும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-ல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்கு வெகு முன்பிருந்தே, அடுத்தவர் வீட்டுக் கடுதாசி விவரம் தெருவுக்குத் தெரியக் கூடாது என்ற கூச்சம் நம் ஊர்களில் இருந்திருக்கிறது. கொடுக்கும்போது “என்ன விஷயம்?” என்று கேட்காமல் இருப்பதும் அந்தக் கூச்சத்தில் சேர்ந்தது.

இரு வீட்டாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றால், முகவரி தவறி வந்தது என்று உறையின் மேல் எழுதி அடுத்த நாளே தபால்காரரிடமோ அஞ்சலகத்திலோ ஒப்படைக்கலாம். தன் பெயர் என்று நினைத்துப் பிரித்துவிட்டால், மறைக்காமல் ஒட்டி, தவறுதலாகப் பிரித்ததாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது கௌரவமானது. முன்பு குடியிருந்தவருக்கு வரும் தபாலை வீட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் பரணில் சேர்த்துவைப்பதுண்டு. வாங்காமல், குடிபெயர்ந்துவிட்டார் என்று எழுதித் திருப்பி அனுப்பினால்தான் அனுப்பிய அலுவலகம் புது முகவரியைத் தேடும். பெறுநர் இறந்திருந்து வாரிசுகளும் அங்கே இல்லையென்றாலும் இதுவே முறை.

ஒரே தவறு திரும்பத் திரும்ப நடந்தால் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தின் போஸ்ட்மாஸ்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1800 266 6868 என்ற இலவச எண்ணிலும் புகார் சொல்லலாம். வாசலில் பழைய எண், புதிய எண், குடியிருப்போர் பெயர் மூன்றையும் எழுதிவைப்பது இதைவிட வேகமாக வேலை செய்யும். அலுவலகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. விண்ணப்பத்தில் தந்தை பெயர், தொலைபேசி எண், இரண்டு கதவு எண்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிட்டு, உறையின் மேல் பாதி முகவரியை மட்டும் அச்சிட்டு அனுப்பினால் பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

தாமதமாகக் கைக்கு வந்த தபாலைப் பெறுபவர் உறையை எறிந்துவிடக் கூடாது. அதிலுள்ள முத்திரையும் தேதியும் கண்காணிப்பு எண்ணும் சாட்சியம். கொடுத்த பக்கத்து வீட்டாரிடம், இன்ன தேதியில் தவறி வந்தது, இன்ன தேதியில் ஒப்படைத்தேன் என்று இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யக் கோர 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் தரும் அவகாசம் 30 நாட்கள். அழைப்பாணை முறையாகச் சார்பாகவில்லை என்றால் அந்த 30 நாட்கள் தீர்ப்பைப் பற்றித் தெரியவந்த நாளிலிருந்து எண்ணப்படும். அது எந்த நாள் என்று நீதிமன்றம் கேட்கும்போது எடுத்துக்காட்ட அந்த இரண்டு வரி இருக்கும்.